எறியவும் மனமில்லை, வைக்கவும் இடமில்லை: வீட்டுச் சாமானைப் பொறுப்போட கழிக்கிறது எப்பிடி? (கொழும்பு)

மூண்டாம்மாடி:

வணக்கம். வெள்ளவத்தையில லிஃப்ட் இல்லாத மூண்டாம் மாடி, ரெண்டறை ப்ளாட். சின்ன அறையும் பல்கனியும் சாமானால நிரம்பி நிக்குது. பெயிண்ட் அடிக்க ஆக்கள் வர ஆறு கிழமை இருக்கு.

உள்ளுக்க இருக்கிறது: பித்தளைச் சாமான் ஒரு பெட்டி, சிங்கர் கால் மெஷின், பழைய பெட்டி ரீவி, ரெண்டு யூபிஎஸ், ஒரு லாச்சி நிறைய போனும் சார்ஜரும், காலமான மாமியின்ர கூறைச்சேலையோட சேர்த்து 25 சாரி, ஒரு 300 தமிழ்ப் புத்தகமும் சஞ்சிகையும், கசெட், அல்பம், கண்ணாடி போட்ட சாமிப்படங்கள், மருந்துப் பெட்டி, கடதாசிக் கட்டுகள். கனடாவில இருக்கிற சித்தப்பா விட்டிட்டுப் போன ட்ரங்குப் பெட்டியும் ஒண்டு.

காசு பாக்கிற எண்ணம் இல்லை. நல்லா இருக்கிற சாமானைக் குப்பைக்க போட்டால் அதுக்குத் துரோகம் செய்த மாதிரிக் கிடக்கு. ஆர் எடுப்பினம், என்ன செய்வினம் எண்டு தெரியாமல் கையை விட ஏலாமல் இருக்கு. "எல்லாத்தையும் எறி, நிம்மதியா இரு" எண்ட பதில் வேண்டாம். எதை ஆரிட்டக் குடுக்கலாம், எதைக் கட்டாயம் வைக்கோணும், எது எப்பிடிப் போகோணும் எண்டு தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

—

நிதானம்:

நீங்கள் சொல்லுற உணர்ச்சிக்கு ஆராய்ச்சியிலயே தனி இடம் இருக்கு. சாமானை விட ஏலாத ஆக்களின்ர எண்ணங்களை அளக்க ஸ்டெக்கெட்டி, ஃப்ரொஸ்ட், கைரியோஸ் எண்ட மூண்டு பேர் 2003 இல 24 வாக்கியமுள்ள வினாக்கொத்து ஒண்டை வெளியிட்டவை. அதில நாலு பிரிவு: பொருளில பாசம், பொருள் என்ர கைக்குள்ளதான் இருக்கோணும் எண்ட எண்ணம், பொருள் போனால் நினைவும் போயிடும் எண்ட பயம், பொருளுக்கு நான்தான் பொறுப்பு எண்ட எண்ணம். உங்கட கேள்வி முழுக்க அந்தக் கடைசிப் பிரிவு. கூடாத குணம் எண்டு சொல்ல மாட்டன். ஆனால் அது பிழைக்கிற இடம் எப்பவும் ஒண்டுதான்: "இதுக்குப் பொருத்தமான ஆள் கிடைக்கட்டும்" எண்டு வைக்கிறது. அந்த ஆள் வரவே மாட்டார், ஏனெண்டால் தேடுறதுக்குக் கடைசித் தேதி இல்லை.

அதால முதல் தேதியைப் போடுங்கோ. ஒவ்வொரு சாமானிலயும் மாஸ்கிங் ரேப் துண்டு ஒட்டி மூண்டு வரி எழுதுங்கோ. முதல் வரி, உண்மையிலேயே பாவிக்கக்கூடிய தெரிஞ்ச ஆள், ஒரு கிழமை. ரெண்டாம் வரி, கேட்டு வாங்குற இடம் அல்லது காசு குடுத்து வாங்குற கடை, ரெண்டு கிழமை. மூண்டாம் வரி, பழைய இரும்பு, பழைய பேப்பர், மாநகர சபை. முதல் தேதி கடந்தால் திரும்ப யோசிக்கிறேல்லை, அடுத்த வரிக்கு இறங்கிடும். ஆறு கிழமைக்கு இது காணும்.

இன்னொண்டு. "இதை எறியலாமா?" எண்டு கேட்டால் பதில் வராது. "இதை வைச்சிருந்தால் நான் செய்யவேண்டிய வேலை என்ன?" எண்டு கேளுங்கோ. பட்டு எண்டால் மூண்டு மாசத்துக்கு ஒருக்கால் மடிப்பு மாத்தோணும். புத்தகம் எண்டால் சுவரில முட்டாமல் காத்துப் படுற மாதிரி நிறுத்தோணும். மெஷினுக்கு எண்ணெய். வெள்ளவத்தையில கடல் காத்து, உப்பும் ஈரமும். பூட்டின அறைக்குள்ள ஈரப்பதன் 65 சதவீதத்துக்கு மேல நிண்டால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும், எங்கட கரையில வருஷத்தில கனநாள் அதுக்கும் மேலதான். அந்த வேலையைச் செய்யப் போறேல்லை எண்டால் நீங்கள் அந்தச் சாமானை வைச்சிருக்கேல்லை, ஆறுதலா எறிஞ்சு கொண்டிருக்கிறியள்.

ஒழுங்கு: ஐஸ்கிரீம் டப்பா, வெறும் போத்தல், ஒற்றை மூடியில தொடங்குங்கோ. அல்பம் கடைசி. ஒரு பெட்டி முடிச்ச பிறகு அடுத்த பெட்டி, 45 நிமிஷத்துக்கு மேல ஒரே இருப்பில வேண்டாம். எல்லாத்தையும் நிலத்தில கொட்டினால் பின்னேரம் திரும்ப உள்ளுக்கதான் போகும். பாசமுள்ள சாமானை முதல் படம் எடுத்திட்டுக் குடுங்கோ. அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதிகளில செய்து 2017 இல வெளிவந்த ஆய்வொண்டில, "படம் எடுத்து வைச்சிட்டுக் குடுங்கோ" எண்டு கேட்ட விடுதிகளில மற்றதுகளைவிட 15 சதவீதமளவு கூடுதலாச் சாமான் வந்தது.

—

பஞ்சிகாவத்தைப்பக்கம்:

நான் இரும்பு, கரண்ட் சாமான் பக்கம் மட்டும் சொல்றேன்.

பெட்டி ரீவியை "போத்தல் பத்தர" எண்டு கத்திக்கொண்டு பழைய போத்தல், பேப்பர் வாங்க வாறவருக்குக் குடுக்க வேணாம். அவருக்குத் தேவை கழுத்தில சுத்தியிருக்கிற செப்புக் கம்பி மட்டும்தான். கழுத்தை உடைச்சு அதை எடுத்திட்டு மிச்சத்தை வெறும் வளவிலயோ கானிலயோ போட்டுருவாங்க. அந்தக் கண்ணாடியில ஈயம் இருக்கு. மத்திய சுற்றாடல் அதிகார சபை அனுமதிப்பத்திரம் குடுத்த இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்கள் இருக்காங்க, பட்டியலை அதிகார சபையிட்ட கேட்டு எடுக்கலாம். உடைக்காமல் முழுசாக் குடுக்கணும். போன் பண்ணேக்க ரெண்டு கேள்வி கேளுங்க: வீட்டுக்கு வந்து எடுப்பீங்களா, அதுக்குக் குறைஞ்ச நிறை எவ்வளவு? ஒரு ரீவிக்காக லொறி வராது. ப்ளாட்டில நாலு வீடு சேர்ந்து குடுத்தா வரும். படியில இறக்கேக்க ரெண்டு பேர் வேணும், திரைப் பக்கம் தூக்குறவர் நெஞ்சைப் பார்த்து இருக்கணும். பாரம் முழுக்க முன்கண்ணாடியிலதான், மறுபக்கமாப் பிடிச்சா முன்னுக்குச் சரிச்சுக்கொண்டு போயிடும்.

யூபிஎஸ் உள்ளுக்க அனேகமா 12 வோல்ட் 7 அம்பியர்-அவர் ஈயப் பற்றறி, ரெண்டு ரெண்டரைக் கிலோ. பிளக்கைக் கழட்டி, சுவிச்சை ஓஃப் பண்ணி, ஒரு நாள் விட்டிட்டுத் திறங்க. பற்றறியின்ர கறுப்பு வயரை முதல் கழட்டுங்க, பிறகு சிவப்பு, ரெண்டு முனைக்கும் இன்சுலேஷன் ரேப். பற்றறிக் கடைக்காரர் நிறை பார்த்து வாங்குவார். குப்பைக்கு மட்டும் போட வேணாம். கெரவலப்பிட்டியில 2021 இல இருந்து குப்பையை எரிச்சுக் கரண்ட் எடுக்கிறாங்க, ஈயப் பற்றறி அங்க போற சாமான் இல்லை.

போனுக்கு: சிம், மெமரி காட் எடுங்க. முதல் கூகுள் கணக்கில இருந்து வெளியேறி, பிறகுதான் ரீசெட். மாறிச் செய்தா அடுத்தவர் போடேக்க பழைய கணக்கின்ர பாஸ்வேர்ட் கேட்டுப் பூட்டிக்கொள்ளும், நல்ல போன் கல்லாப் போயிடும். முதுகு வீங்கின போனை சார்ஜ் பண்ண வேணாம், அமத்த வேணாம், பற்றறியைக் கழட்டப் பார்க்கவும் வேணாம். பிஸ்கட் ரின்னில காய்ஞ்ச மண் போட்டு அதுக்குள்ள வைச்சு, துணி பேப்பருக்குத் தூரமா வைங்க. குடுக்கேக்க "இது வீங்கினது" எண்டு சொல்லிக் கையில குடுங்க, மத்ததோட கலக்க வேணாம்.

பித்தளை: காந்தம் ஒட்டினா அது முலாம் பூசின இரும்பு. ஒட்டாததில செம்பு, பித்தளை, அலுமினியம் எல்லாத்தையும் பிரிச்சு, சொந்தத் தொங்குதராசில நிறுத்து எழுதி வைச்சுக்கொண்டு கடைக்குப் போங்க. கலந்து குடுத்தா மலிவானதின்ர விலைதான் எல்லாத்துக்கும். குத்துவிளக்கு, செம்பு, தட்டம் மாதிரி முழுசா நல்லா இருக்கிறதை உருக்குற கடைக்குக் கொண்டு போக முன்னம் பழைய கலைப்பொருள் வாங்குறவரிட்டயும் பாத்திரக் கடையிலயும் காட்டுங்க. சமையல் பாத்திரம் எண்டா உள்ள ஈயப்பூச்சு போயிருக்கா பாருங்க. போயிருந்தா புளி விட்டுச் சமைக்கக் கூடாது, குடுக்கிற ஆளுக்கும் அதைச் சொல்லுங்க.

கால் மெஷினை மட்டும் இரும்பு விலைக்கு விட்டா எனக்குக் கோவம் வரும். சக்கரம் இறுகியிருந்தா பழுது எண்டில்லை, பழைய எண்ணெய் காய்ஞ்சு பிசினாயிருக்கும். எண்ணெய் ஓட்டை எல்லாத்திலயும் மண்ணெண்ணெய் ரெண்டு ரெண்டு துளி, ஒரு நாள் விட்டு, பெல்ட்டைக் கழட்டிக் கையால முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவா ஆட்டுங்க. ஓடத் தொடங்கினதும் மண்ணெண்ணெயைத் துடைச்சு மெஷின் ஒயில். அந்த நாள் வீட்டு மெஷின் கனத்துக்கு எச்ஏ×1 ஊசி போகும், பழைய ஊசியைக் கழட்டிக் கொண்டுபோய்க் கடையில ஒப்பிட்டுப் பாருங்க. தோல் பெல்ட் 5 மில்லிமீற்றர் அளவு தடிப்பு, வெடிச்சிருந்தா புதுசு போடுங்க. புறக்கோட்டையில மெஷின் சாமான் விக்கிற கடைகளில கேளுங்க. கரண்ட் இல்லாமல் ஓடுற மெஷின், தைக்கத் தெரிஞ்ச ஒராள் அதில பிழைக்கலாம். முதல் ஓட வைச்சிட்டுத்தான் குடுக்கணும். ஓடாத மெஷினைக் குடுக்கிறது உங்கட பாரத்தை அவரிட்ட இறக்கி வைக்கிறது.

பல்கனி பற்றி ஒண்டுமே எழுதேல்லை நீங்க. ஆறு கிழமை காத்திருக்கிற விஷயம் இல்லை அது. வெறும் சட்டி, ரயர், மூடி இல்லாத வாளி, பூச்சாடித் தட்டு எல்லாம் இண்டைக்கே. மழைத்தண்ணி நிண்டா டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்கிறதுக்கு ஒரு கிழமை பத்து நாள் காணும். தண்ணியை ஊத்திட்டா முடிஞ்சுது எண்டு நினைக்க வேணாம். முட்டை பக்கச் சுவரில ஒட்டி மாசக்கணக்கா உலர்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதால பிரஷ் போட்டு உரசிக் கழுவணும். பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பிடிச்சா, நுளம்பு பெருகுறதைத் தடுக்கிற 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தில வழக்குப் போகும்.

—

பழங்கடதாசி:

புத்தகம், கடதாசி, படம், கசெட் பற்றி எழுதுகிறேன்.

தமிழ் அச்சுப் பொருளை எறிவது எங்கள் ஆட்களுக்கு ஏன் கூடுதலாக வலிக்கிறது என்பது விளங்காத விஷயமல்ல. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. 1983 இலும் 1995 இலும் ஒரு பையோடு வெளிக்கிட்டவர்கள் பலர். அப்படியான குடும்பங்களில் "இதுவாவது மிஞ்சியது" என்று எல்லாமே காக்கப்படும். ஆனால் எல்லாம் ஒரே அளவு அரிதானவை அல்ல. கடைகளில் திரும்பத் திரும்ப அச்சான நாவலும் இந்திய வார இதழும் உங்கள் வீட்டில் இல்லாவிட்டால் இன்னோரிடத்தில் இருக்கும். இல்லாமல் போகக்கூடியவை, நீங்கள் குப்பை என்று நினைக்கும் மெல்லிய வெளியீடுகள்தான்: கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், நாடக விழா நிகழ்ச்சி நிரல், ஊர்ச்சங்க யாப்பு, நாலைந்து இதழோடு நின்றுபோன சிற்றிதழ், முக்கியமாகக் கல்வெட்டு. ஒருவர் இறந்த 31 ஆம் நாளுக்கு அடிக்கும் அந்தச் சிறு நினைவுப் புத்தகத்தில் நாலு தலைமுறைப் பெயர் இருக்கும், அடித்ததோ சில நூறு பிரதி.

எனவே முதலில் இந்த மெல்லியவற்றைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் அட்டை, தலைப்புப் பக்கம், பதிப்பு விவரப் பக்கம் மூன்றையும் தொலைபேசியில் படம் எடுங்கள். நூலகம் எண்ணிம நூலகத்தின் தளத்தில் தலைப்பைத் தேடிப் பாருங்கள். 2005 இல் தொடங்கிய அந்த முயற்சி ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் சேர்க்கிறது. அங்கே இல்லாதவற்றைப் பட்டியல் போட்டு அவர்களுக்கு எழுதுங்கள். மற்ற நூல்களுக்கு, உங்கள் வெள்ளவத்தையிலேயே 57 ஆம் ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. அங்கும் பட்டியலோடு கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். பையோடு வாசலில் வைத்துவிட்டு வருவது தானமல்ல, எறியும் வேலையை நூலகருக்கு மாற்றுவது. பாடத்திட்டம் மாறிய பழைய பாடநூல் எவருக்கும் உதவாது, பழைய பேப்பர்காரருக்கே போகட்டும். மிச்சத்தை மருதானைப் பக்கம் டீ. ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைக்காரர்களிடம் காட்டலாம். விலை சொற்பம்தான், ஆனால் வாசிப்பவர் கைக்குப் போகும்.

கறையான் பட்டதை நல்லவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சி இருந்தால் பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி ஒட்டி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில் ஒரு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் அப்படியே விட்டால் நீர்த்துளி பையின் வெளிப்புறத்தில் படியும், தாளில் படியாது.

கடதாசிக் கட்டில் அவசரம் வேண்டாம். காணி உறுதி, பிறப்பு, விவாகம், மரணப் பதிவு, கல்விச் சான்று, ஓய்வூதியம், ஊழியர் சேமலாப நிதி ஆகியவற்றின் மூலப்பிரதி எதையும் கழிக்கக் கூடாது. வடக்குக் கிழக்கில் காணி உள்ள குடும்பமென்றால் பழைய மின்பட்டியல், சோலைவரிப் பற்றுச்சீட்டு, கூப்பன் அட்டை, இடம்பெயர்ந்தோர் பதிவு ஆகியவையும் சாட்சிதான். பத்து வருடம் தடையின்றி ஆண்டால் உரிமை கோரும் சட்டம் இருப்பதால் இடம்பெயர்ந்தவர்கள் காணி இழந்தார்கள், அதற்காகவே 2016 இல் ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம் கொண்டுவரப்பட்டது. சட்டத்தரணிக்குக் காட்டாமல் அந்தக் கட்டைத் தொட வேண்டாம். பழைய வங்கிப் புத்தகத்தையும் கிழிக்காதீர்கள். பத்து வருடம் அசையாத கணக்கின் பணம் மத்திய வங்கிக்கு மாறும், ஆனால் உரியவரோ வாரிசோ வங்கி மூலம் கோரலாம். கோர அந்த இலக்கம் வேண்டும்.

கழிக்கத் தீர்மானித்த கடதாசியில் அடையாள அட்டை இலக்கமோ கையெழுத்தோ இருந்தால் வாளியில் ஊறவைத்துக் கூழாக்குங்கள். முழுத்தாளாகப் போனால் அடுத்த மாதம் காலிமுகத்திடலில் உங்கள் சம்பளப் பட்டியலில் கடலை சுற்றிக் கொடுப்பார்கள்.

அல்பம்: ஒட்டும் பக்கமும் மேலே பிளாஸ்ரிக் தாளும் உள்ள அல்பங்கள்தான் படத்துக்கு எமன். பசை மஞ்சளாகிப் படத்தைப் பிடித்துக்கொள்ளும். இழுக்காமல், பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு அறுப்பதுபோல நகர்த்துங்கள். வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பெயரைப் பின்புறம் மென்பென்சிலால் எழுதுங்கள், போல்பொயின்ற் முன்பக்கம் தடம் போடும். ஆளும் இடமும் தெரியாத படம், ஒரே காட்சியின் நாலாவது பிரதி, மங்கின இயற்கைக் காட்சி ஆகியவற்றை வைத்திருக்கத் தேவையில்லை.

கசெட்டில் குரல் பதிவுகளை முதலில் எடுங்கள்: வெளிநாட்டிலிருந்து பேசி அனுப்பியவை, வீட்டு விசேடங்கள். சினிமாப் பாட்டு எங்கும் கிடைக்கும். 90 நிமிடக் கசெட்டை மாற்ற 90 நிமிடம் ஓட வேண்டும், ஆகவே தெரிவு செய்தே ஆக வேண்டும். நாடா விளிம்பில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சணம், போடாதீர்கள். மற்ற கசெட்டுக்கும் அந்த இயந்திரம் பரப்பிவிடும்.

—

கொட்டாஞ்சேனை அக்கா:

சாரிக்கு நான் சொல்றேன் தங்கச்சி. 25ஐயும் வெயில்படாத காத்துல ஒரு நாள் விரிச்சுப் போடுங்க. மடிப்பு விழுந்த இடத்தில ரெண்டு கையாலயும் லேசா இழுத்துப் பாருங்க. சர்ருன்னு பிரிஞ்சா அந்தப் பட்டு முடிஞ்சுது, ஒரு தரம் கட்டுறதுக்குள்ள கிழியும், அத யாருக்கும் குடுக்காதீங்க. கரையும் முந்தானையும் நல்லா இருந்தா வெட்டி எடுத்துச் சின்னப் பிள்ளைக்குப் பாவாடைக்கு வைக்கலாம். பிரியாத சாரிக்கு மடிப்ப மாத்தி, வெள்ளப் பருத்தித் துணில சுத்தி வைங்க. பிளாஸ்டிக் பை வேணாம், ஈரம் உள்ளயே நிக்கும். பூச்சி உருண்டை சரிகையில படக் கூடாது, கறுக்கும்.

கூறைச்சேலை வைங்க. அதோட இன்னும் ரெண்டு போதும், எது எதுன்னு குடும்பத்தில பொம்பளப் பிள்ளைங்க தெரிவு செய்யட்டும். மிச்சத்த முதியோர் இல்லத்துக்குக் குடுக்கிறதுன்னா முன்னாடியே பேசுங்க. அங்க பட்டுச்சாரி கட்ட ஆளில்ல. பழைய ஆனா கிழியாத பருத்திச் சாரி, ஹவுஸ்கோட், பெட்ஷீட், துவாய் கேப்பாங்க. தோச்சு, அயன் பண்ணி, கொக்கி தச்சுக் குடுங்க.

சாமிப்படத்தக் கண்ணாடியோட மரத்தடியில வைக்கிற பழக்கத்த நிறுத்தணும். காத்துல விழுந்து உடைஞ்சா கூட்டுற பிள்ளையோட கையத்தான் வெட்டும். கும்பிட்டு, பின்பக்க ஆணியக் கழட்டி, படம், கண்ணாடி, சட்டம் மூணையும் பிரிங்க. தாள்ப் படத்த மண்ணில புதைக்கலாம், மாடி வீடுன்னா பெரிய பூச்சாடியே போதும். மனசு ஒப்பலன்னா கோயில்ல ஐயர்கிட்டக் கேட்டுக் குடுங்க. கண்ணாடிய நாலு பேப்பர்ல சுத்தி மேல "கண்ணாடி" ன்னு சிங்களத்திலயும் தமிழ்லயும் எழுதுங்க. சட்டத்துக்கு இனி மகிமை கிடையாது, விறகு.

மருந்து: திகதி முடிஞ்சத டொய்லட்ல ஊத்தாதீங்க. மாத்திரைய அட்டையில இருந்து எடுத்து, ஊறின தேயிலச் சக்கையோட பிசைஞ்சு, கட்டிக் குப்பைக்குப் போடுங்க. முழு அட்டையாப் போட்டா பொறுக்குறவங்க எடுப்பாங்க. இன்சுலின் ஊசிய கெட்டியான சவர்க்காரத் தண்ணிப் போத்தல்ல போட்டு மூடி இறுக்கி, நீங்க போற கிளினிக்ல எடுப்பாங்களான்னு கேளுங்க.

சித்தப்பாட ட்ரங்குப் பெட்டி மட்டும் வேற கணக்கு. மேல தம்பி சொன்ன தேதி ஒட்டுற வேலைய அதுல செய்யாதீங்க. மத்தச் சாமானுக்கு நீங்க பொறுப்புன்னு நினைக்கிறீங்க, இதுக்கு உண்மையிலேயே பொறுப்பு, ஏன்னா சொந்தக்காரர் உயிரோட இருக்கார். வீடியோ கோல்ல அவர் பார்க்கப் பார்க்கத் திறங்க. ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டி, பட்டியல் எழுதி, மூணே தெரிவு குடுங்க: அனுப்புற கூலிய அவர் கட்டட்டும், இங்க யாருக்குன்னு பேர் சொல்லட்டும், இல்லன்னா "உங்க விருப்பம்" ன்னு வாட்ஸ்அப்ல எழுதி அனுப்பட்டும். "அடுத்த வருஷம் வருவேன்" ங்கிறது பதில் இல்ல. கடல் கார்கோவில இடத்துக்குத்தான் காசு, பெட்டியோட அனுப்பாம உள்ளடக்கத்த மட்டும் அனுப்பச் சொல்லுங்க.

—

மூண்டாம்மாடி:

எல்லாருக்கும் நன்றி. பல்கனி இண்டைக்கே. ரெண்டு சந்தேகம். மருந்துப் பெட்டிக்க கண்ணாடி தேர்மோமீற்றர் ரெண்டு இருக்கு, உள்ளுக்க வெள்ளி நிறம். மற்றது, நான் கட்டி வைக்கிற பையை அம்மா திரும்பத் திறந்து சாமானை எடுக்கிறா.

—

நிதானம்:

அம்மாவுக்குத் தெரியாமல் ஒண்டையும் வெளியில விடாதேங்கோ. பிறகு அவ எல்லாப் பையையும் காவல் காக்கத் தொடங்குவா. அவவின்ர சாமானுக்கு அவதான் தேதி எழுதோணும். கட்டிலில படுக்க இடமில்லை, அடுப்படியில சமைக்க இடமில்லை எண்ட அளவுக்கு வந்திருந்தால், கொஞ்சம் எடுத்தாலே அவ பதகளிச்சால், அது 2013 இல டிஎஸ்எம்-5 எண்ட அமெரிக்க மனநோய்க் கையேடு தனி நோயாச் சேர்த்த விஷயம், ஒழுங்குபடுத்துற ஆலோசனையால மட்டும் தீராது. அறை எவ்வளவு நிரம்பியிருக்கு எண்டு 1 இல இருந்து 9 வரைக்கும் படங்களோட ஒப்பிடுற அளவுகோல் ஒண்டு இருக்கு, 4 அல்லது அதுக்கு மேல எண்டால் உதவி தேடச் சொல்லுறது. தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கோ. சின்ன அறையும் பல்கனியும் மட்டும் எண்டால் அந்தளவுக்கு யோசிக்கத் தேவையில்லை.

—

பஞ்சிகாவத்தைப்பக்கம்:

வெள்ளி நிறம் எண்டா அனேகமாப் பாதரசம்தான். உடைக்காமல் ரெண்டையும் பஞ்சில சுத்தி, மூடி இறுகுற பிளாஸ்ரிக் போத்தலில போட்டு, வெளியில "பாதரசம்" எண்டு எழுதி, ரீவி எடுக்க வாறவரிட்டக் கேட்டுக் குடுங்க. அதுக்குள்ள உடைஞ்சா ஜன்னலைத் திறங்க, தும்புத்தடியும் வேணாம் வெக்யூமும் வேணாம். உருண்டைகளைத் தடிச்ச மட்டையால ஒண்டு சேர்த்து, மிச்சத்தை ஒட்டுற ரேப்பால எடுத்து அதே போத்தலுக்குள்ள போட்டு மூடுங்க.